நடுக்கன்றில் தொங்கிய தலை

அன்புள்ள ஐரிக்கு,

போதுமான காலம் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன். உன் அம்மாவை அடக்கம் செய்த நாளிலிருந்து உங்கள் வீட்டு விஷயத்தில் நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. கடைசிவரை அப்படியே இருந்துவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். இப்போது எழுதுவதும் ஆசைப்பட்டு இல்லை.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன் அப்பா இந்தக் குளிர்காலத்தில் ஹௌக்கி மீனுக்குத் தூண்டில் போட்டிருக்கும் இடுக்கில், ஏரி குறுகும் அந்த இடத்தில், பனித்தட்டு ஆள் பாரம் தாங்காது. அவருக்கு அது தெரியவில்லை. நான் சொன்னேன், நம்பவில்லை. லீவுக்கு நீ வந்ததும் உன்னையும் அங்கே கூட்டிப்போய்த் தூண்டில் தூக்கப்போவதாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். நீ வரும்வரை அவர் இருப்பாரா என்பதே எனக்குச் சந்தேகம்.

போன் செய்திருக்கலாமே என்று நினைப்பாய். இந்த ஊரில் போன் என்பது ஹெல்வியின் காது. எக்ஸ்சேஞ்சில் அவள் உட்கார்ந்திருக்கும்வரை, ஸ்வீடனுக்கு நான் பேசிய பேச்சு நான் வீடு திரும்புவதற்குள் உன் அப்பாவின் காப்பி மேசைக்குப் போய்விடும். தெரிந்த மறுநிமிடம் அவர் கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு நேராக இடுக்குக்குத்தான் போவார். நான் வேண்டாம் என்ற இடத்தில் நின்று காட்டுவதற்காகவே போவார். பிறந்ததிலிருந்து என் அண்ணனைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இன்று ஞாயிறு. ரேடியோவில் ஆராதனை முடியும்வரை அவர் ஏரியில் இறங்கமாட்டார். உன் அம்மா வைத்த வழக்கம், அதை மட்டும் இன்னும் விடவில்லை. அந்த நேரத்துக்குள் இதை எழுதி முடிக்க வேண்டும். என் மேசை ஜன்னலோரம் இருக்கிறது. உங்கள் புகைபோக்கியும் படகுக் கொட்டகைக் கதவும் இங்கிருந்து நன்றாகத் தெரிகின்றன.

அவர் ஏன் என்னை நம்பமாட்டார் என்பதை நீ என் வாயால் கேட்டதில்லை. நீ கேட்டு வளர்ந்ததெல்லாம் அவர் சொன்ன கதை.

உங்கள் கொட்டகைச் சுவரில் ஆணியடித்து வைத்திருந்த மீன் தலைகளில், நடுவில் இருந்த பெரிய தலை உனக்கு நினைவிருக்கும். வாத்து மூஞ்சி போல நீண்டு, உள்நோக்கி வளைந்த பல்லோடு. சின்ன வயதில் அதன் வாய்க்குள் கையை விட்டு மணிக்கட்டைக் கிழித்துக்கொண்டு என்னிடம்தான் ஓடிவந்தாய். அந்த ஹௌக்கியை உன் அப்பா பிடித்தார் என்றுதானே கேள்விப்பட்டிருக்கிறாய். நீ பிறப்பதற்கு முந்தைய கோடை அது. துடுப்பு போட்டவன் நான். இரண்டு கையிலும் துடுப்பு இருப்பதால், நம் பக்கத்து வழக்கப்படி தூண்டில் நூலைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தேன். படகுக்குப் பின்னால் மீனை ஏமாற்றும் பித்தளைத் தகடு மினுக்கிக்கொண்டு வந்தது. உன் அப்பா பின்பலகையில் சாய்ந்துகொண்டு சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார். மீன் அடித்த அடியில் என் முன்பல் பாதி உடைந்துபோனது. வாயெல்லாம் ரத்தம். ஆனாலும் நூலை விடவில்லை. நான் படகோரம் இழுத்துக் கொண்டுவந்த பிறகு அவர் எழுந்து கொக்கிக் கம்பால் ஒரு குத்துக் குத்தி உள்ளே தூக்கிப் போட்டார். அவர் செய்தது அவ்வளவுதான். கரைக்கு வந்ததும் ஊராரிடம், “நான் புடிச்சேன், தம்பி துடுப்பு போட்டான்” என்றார். அன்றிலிருந்து அதுதான் கதை. பாதிப் பல் என்னிடம் இருக்கிறது, முழுத் தலை அவரிடம் இருந்தது.

இந்த வயதில் ஒரு மீன் தலைக்காகவா என்று நீ சிரிக்கலாம். உன் அம்மாவின் அடக்கம் முடிந்து காப்பி பரிமாறும்போது அவர் பாதிரியாரிடம் மறுபடி அதைத்தான் ஆரம்பித்தார். “இவனுக்குப் பள்ளிக்கூடம், எனக்கு ஏரி. அன்னிக்கு அந்த மீனப் பாத்து இவன் பயந்துபோய் வாயப் பொளந்துட்டு உக்காந்திருந்தான் பாருங்க சாமி.” எல்லோரும் சிரித்தார்கள். துக்க வீட்டில் ஒரு சிரிப்பு வந்ததே என்று நானும் பேசாமல் இருந்திருக்கலாம். எழுந்து வந்துவிட்டேன். அதோடு எங்களுக்குள் பேச்சு நின்றது. ரை தானிய மாவில் பொதிந்து சுட்ட மீனைத் துண்டில் சுற்றிக்கொண்டு இரண்டு வீட்டுக்கும் நடுவே நடந்துகொண்டிருந்த ஒரே ஆள் உன் அம்மாதான். அண்ணி போன பிறகு அந்தப் பாதையில் புல் முளைத்துவிட்டது.

இனி ஏரிக்கு வருகிறேன். இடுக்கை அடைத்துக்கொண்டு போன பழைய மண்சாலை உனக்குத் தெரியும். அது இருந்தவரை இந்தப் பக்கம் செத்த தண்ணீர். ஓட்டமே கிடையாது. ஏரியில் முதலில் உறைவதும் கடைசியில் உருகுவதும் அந்த இடம்தான். அதை நம்பித்தான் உன் தாத்தாவும் அங்கே தூண்டில் போட்டார், உன் அப்பாவும் போடுகிறார். நீ ஸ்வீடனுக்குப் போன பிறகு, இரண்டு இலையுதிர்காலத்துக்கு முன்னால், அந்த மண்சாலையை வெட்டி எடுத்துவிட்டுப் பாலம் கட்டினார்கள். மேலேரித் தண்ணீர் இப்போது நேராக இதன் வழியே ஓடுகிறது. மேலே நின்று பார்த்தால் எதுவும் தெரியாது. முதல் குளிர்காலம் பனி அதிகம் விழாமல் கடுங்குளிராக இருந்ததால் எப்படியோ தாங்கிவிட்டது. “பாத்தியா, ஒண்ணும் ஆகல” என்று சொல்ல அவருக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

ஆனால் மீன்கள் அப்போதே சொல்லிவிட்டன. போன வசந்தத்தில் ஏரிப் பனி உடைந்ததும் முட்டையிட வரும் ஹௌக்கிகள் உங்கள் நாணல் குடாவுக்கு வரவில்லை. அங்கே இப்போது குளிர்ந்த ஓட்டம். அவற்றுக்கு அசையாத, வெயிலில் சூடேறிய தண்ணீர் வேண்டும். உன் அப்பாவின் கம்பிப் பொறிகள் வெறுமனே கிடந்தன. என் வீட்டுக்குக் கீழே வெள்ளம் ஏறிய புல்வெளியில் மீன்கள் முதுகு தெரியப் புரண்டன, ஜன்னலைத் திறந்தால் சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டுத் தாவெத்தி மூலமாக எனக்குச் சேதி வந்தது. “வாத்தியாரு மீனுக்கெல்லாம் பாடம் எடுத்து அந்தப் பக்கம் கூட்டிட்டுப் போயிட்டாராம். பரிச்சை எப்பன்னு கேட்டுட்டு வா.” தாவெத்தி இதைச் சொல்லிவிட்டு என் வீட்டுக் காப்பியையும் குடித்துவிட்டுப் போனான்.

கோடையிலும் அப்படியே. வழக்கமாக நாணல் ஓரத்தில் பதுங்கி நிற்கும் மீன்கள் பாலத்தூண் நிழலுக்குப் போய்விட்டன. ஓடும் தண்ணீரில் பொடிமீன் வரும் என்பது அவற்றுக்குத் தெரியும். உன் அப்பா பழைய இடத்திலேயே தகடு இழுத்து இழுத்து வெறுங்கையோடு திரும்பினார். இந்த ஏரியில் ஹௌக்கியை அவர் அளவுக்கு அறிந்தவர் கிடையாது. அதை நான் மறுத்ததே இல்லை. ஒரு மீன் நிற்கும் இடத்தை வைத்து அடியில் பாறையா சேறா என்று சொல்லிவிடுவார். அந்த மனிதர், மீன்கள் இடம் மாறியதைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் மாறியிருக்கிறது என்று நினைக்கவில்லை. தம்பி ஏதோ செய்கிறான் என்று நினைத்தார்.

இலையுதிர்காலத்தில் ஏரிப் பங்குதாரர் கூட்டம் நடந்தது. இடுக்கில் தூண்டில் வரிசை போடுவதை இந்த வருடம் நிறுத்த வேண்டும் என்று எழுந்து சொன்னேன். ஓட்டம், ஆழம் எல்லாவற்றையும் விளக்கினேன். நான் பேசி முடிக்கும்வரை உன் அப்பா தொப்பியைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து, “நாலு வருஷம் முன்னாடி இதே வாத்தியாரு இதே எடத்துல நின்னு, அந்த வரிசையில பாதி தனக்குன்னு சட்டம் படிச்சாரு. அப்ப தண்ணி ஓடல. இப்ப ஓடுதாம்” என்றார். கூட்டமே சிரித்தது. நாலு வருடத்துக்கு முன் நான் கேட்டது உண்மை. எங்கள் அப்பாவின் பங்கில் எனக்கும் பாதி உண்டு, சட்டப்படி சரியான கோரிக்கை, இன்றைக்கும் அதையே சொல்வேன். ஆனால் அதற்குப் பிறகு இடுக்கைப் பற்றி நான் எதைச் சொன்னாலும் அவர்கள் காதில் ஒன்றுதான் விழுகிறது.

இந்தக் குளிர்காலம் பனித்தட்டு தடிமனாவதற்கு முன்பே பனி கொட்டிவிட்டது. போர்வை போர்த்தியது போல ஆகி, கீழே உறைவது நின்றுபோனது. உன் அப்பா எப்போதும் போல ஊசியிலைக் கன்றுகளை வெட்டிக் கரையிலிருந்து தூண்டில் வரிசைவரை பாதைக்கு அடையாளமாக நட்டார். ஜனவரியில் அவர் சந்தைக்குப் போன நாள், வயிற்றைத் தரையோடு ஒட்டிக்கொண்டு ஊர்ந்து போய்க் கடப்பாரையால் தட்டிப் பார்த்தேன். கரையோரம் நல்ல கனம். நடுக்கன்றுக்குப் பக்கத்தில் ஒரே தட்டில் கடப்பாரை உள்ளே போய்விட்டது. கை விட்டால் ஓட்டம் விரலை இழுத்தது. கன்றுகள் எல்லாவற்றையும் பிடுங்கி, கல்தீவுப் பக்கமாகச் சுற்றிப்போகும் பாதையில் நட்டுவிட்டு வந்தேன். இங்கே யாரிடம் கேட்டாலும் கன்று நட்டிருக்கும் வழிதான் வழி. பேச்சு இல்லாத இடத்தில் அதையாவது படிப்பார் என்று நினைத்தேன்.

அவர் அதை எல்லை மாற்றியதாகப் படித்தார். மறுநாள் காலை கன்றுகளெல்லாம் பழைய இடத்துக்கே திரும்பியிருந்தன. நடுக்கன்றின் உச்சியில் எதையோ கம்பியால் கட்டியிருந்தார். தூரக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தேன். அந்தத் தலை. கொட்டகைச் சுவரிலிருந்து பிடுங்கி வந்து, பிளந்த வாய் என் ஜன்னலைப் பார்க்கும்படி மாட்டியிருந்தார். ஏரியிலேயே மிக மெல்லிய இடத்தில், என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு.

அன்று முதல் நான் பள்ளிக்கூடம் போகவில்லை. முதுகுவலி என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். தலைமையாசிரியருக்குப் பிடிக்கவில்லை. கரையில் எங்கள் சவுனாக் குளியல் குடிலுக்குப் பக்கத்தில் ஏணியும் கயிறும் பனிக்கடியில் போட்டு வைத்திருக்கிறேன். காலையில் அவர் இறங்கும்போது நானும் விறகு பிளப்பதுபோல அங்கே நிற்கிறேன். இவ்வளவு விறகு எனக்கு மூன்று குளிர்காலத்துக்கும் தேவையில்லை.

வியாழக்கிழமை ஹல்லி நடுக்கன்றுக்கு முன்பாக நின்றுவிட்டது. நாய் ஒரு அடி நகரவில்லை, வயிற்றைத் தரையில் ஒட்டிக்கொண்டு முனகியது. உன் அப்பா அதைத் தூக்கிச் சறுக்குவண்டியில் உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு போனார். கொஞ்ச தூரத்தில் அவருடைய ஒரு கால் முழங்கால்வரை உள்ளே போனது. கையில் இருந்த கோடாலியைப் போட்டுவிட்டு நான் கயிற்றை எடுத்தேன். அவர் வண்டியைப் பிடித்துக் காலை இழுத்துக்கொண்டு, பூட்ஸைக் கழற்றித் தண்ணீரைக் கொட்டிவிட்டு மேலே நடந்தார். அன்று மாலை தாவெத்தி வந்து, “என்ன வாத்தியாரே, கயித்தோட நின்னீங்களாம், மாடு புடிக்கவான்னு கேக்கறாரு” என்றான். பனித்தட்டின் மேல் தேங்கும் தண்ணீர்தான் அது, பனி அதிகமான வருடத்தில் எல்லா ஏரியிலும் இருப்பது என்று சொன்னாராம். தேங்கிய தண்ணீர் ஓடாது. நான் கையை விட்டுப் பார்த்தவன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் தலை போய்விட்டது. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். காலையிலிருந்தே கன்றைச் சுற்றிப் பனி சாம்பல் நிறமாகி வந்தது. கன்று மெதுவாகச் சாய்ந்தது. பிறகு சத்தமில்லாமல் நேராக உள்ளே இறங்கிவிட்டது, யாரோ கீழிருந்து கையால் இழுத்தது போல. மாலைக்குள் அந்த இடத்தில் மெல்லிய ஏடு படிந்தது. ராத்திரி பனி விழுந்து எல்லாவற்றையும் மூடிவிட்டது.

நேற்று அவர் வந்து பார்த்தபோது கன்றும் இல்லை, தலையும் இல்லை, ஓட்டையும் இல்லை. என்ன நினைப்பார் சொல். அங்கிருந்தே என் வீட்டைப் பார்த்துக் கடப்பாரையை ஆட்டினார். பிறகு வண்டியைத் திருப்பிக்கொண்டு நேராக என் வாசலுக்கு வந்தார். இரண்டு வருடத்தில் முதல் தடவை. தாவெத்தியும் வேடிக்கை பார்க்கப் பின்னாலேயே வந்தான்.

“தலைய எங்கடா வச்சிருக்க?” என்றார்.

“அண்ணே, அது இங்க இல்ல. இடுக்குல தண்ணிக்குள்ள போயிடுச்சு. நான் பாத்துக்கிட்டே இருந்தேன்” என்றேன்.

“அப்படியா. இத்தன வருஷமா காஞ்சு கெடந்த தலைக்கு நேத்து உயிர் வந்து நீந்திப் போயிடுச்சாக்கும். இத உன் பள்ளிக்கூடத்துல சொல்லு, பிள்ளைங்க எழுதிக்கும்.”

தாவெத்தி கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். உண்மையை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது என்று எனக்கு அப்போது தெரிந்துவிட்டது. “சரி, நான்தான் எடுத்தேன். என் மீன், எடுத்தேன். வேணும்னா தேடிக்க” என்றேன்.

தேடினார். விறகுக் கொட்டகை, படகின் அடி, பரண் ஒன்று விடவில்லை. நான் தடுக்கவில்லை. தேடும் நேரமெல்லாம் அவர் ஏரியில் இல்லை. சவுனாவுக்குள் போனவர் வெகுநேரம் வெளியே வரவில்லை. எட்டிப் பார்த்தேன். உன் அம்மா மீனைச் சுற்றிக்கொண்டு வரும் துண்டு ஒன்று அங்கே ஆணியில் தொங்குகிறது. திருப்பிக் கொடுக்காமலே இருந்துவிட்டேன். அவர் அதன் முன்னால் நின்றுகொண்டிருந்தார். தொடவில்லை. என்னைப் பார்த்ததும் வெளியே வந்தார். வாசலில் இறங்கிய பிறகுதான் சொன்னார். “தலைய நீயே வச்சுக்க. அதே எடத்துல வேற கன்னு நடுவேன். ஐரி வரட்டும், அவ கையாலயே நட வைக்கிறேன். அப்ப வந்து புடுங்கு பாப்போம்.”

இதனால்தான் எழுதுகிறேன்.

கடிதம் கிடைத்த அன்றே அவருக்குப் போன் செய். நீ பேசுவதை ஹெல்வி கேட்கட்டும், கேட்பது நல்லது. பனித்தட்டு என்ற சொல்லையே எடுக்காதே. ஜாக்கிரதை என்று சொல்லாதே. என் பெயர் வரவே கூடாது. நீ உன் முதல் ஹௌக்கியைத் தூக்கியது கல்தீவுக்குப் பின்னால்தான், ஞாபகம் இருக்கிறதா. மீன் உன்னைவிட நீளமாக இருந்தது, உன் அப்பா உன் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். இந்தத் தடவையும் அங்கேதான் தூக்க வேண்டும், எல்லாத் தூண்டிலையும் அங்கே மாற்றிப் போட்டு வையுங்கள் என்று கேள். கொஞ்சம் அடம் பிடி. நீ அங்கே கேட்டாய் என்பது மாலைக்குள் ஊருக்கே தெரிந்துவிடும். அதன் பிறகு மகள் கேட்ட இடத்தை விட்டு அவர் வேறு இடத்தில் போடமாட்டார். எச்சரித்தால் எதிர்த்துக்கொண்டு போகிற மனிதர், நீ ஆசைப்பட்டுக் கேட்டால் மறுத்ததில்லை.

இடுக்கில் இருக்கும் தூண்டில்களைப் பிடுங்க அவர் இன்னும் ஒரு தடவை அங்கே போகத்தான் வேண்டியிருக்கும். அந்த ஒரு நாளை நான் பார்த்துக்கொள்கிறேன். இந்த வாரம் முழுவதும் லீவை நீட்டிவிட்டேன். ஒரு நாள் என்றால் என்னால் முடியும். தினமும் என்றால் முடியாது ஐரி, எனக்கும் வயதாகிறது.

ரேடியோவில் கடைசிப் பாட்டு வந்துவிட்டது. உங்கள் கொட்டகைக் கதவு திறக்கிறது. ஹல்லி வெளியே வந்துவிட்டது. அவர் தோளில் ஒரு புதுக் கன்று இருக்கிறது. நீ வரும்வரைகூடக் காத்திருக்கவில்லை.

நான் கீழே போக வேண்டும். கூப்பிட்டுச் சண்டைக்கு இழுத்தாவது இன்றைக்கு நிறுத்திவைக்கிறேன். தலை கிடைத்துவிட்டது, வந்து வாங்கிக்கொள் என்று கத்தப்போகிறேன். வந்து இல்லை என்று தெரிந்ததும் இன்னும் ஒரு வருடத்துக்குத் திட்டுவார். திட்டட்டும்.

நீ நன்றாக இரு. குளிரில் தொப்பி போட்டுக்கொள். உன் அப்பாவை உன்னிடம் ஒப்படைக்கிறேன், இங்கே என் பேச்சுக்கு மதிப்பில்லை.

பின்னேரம் நகரத்துப் பஸ் டிரைவரிடம் இதைக் கொடுத்துவிடப்போகிறேன். நம் ஊர்த் தபாலில் போட்டால் உறையைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்கள். நீ பொய் சொன்னால் குரல் மெலிந்துபோகும், ஆறு வயதிலிருந்தே அப்படித்தான், உன் அப்பாவுக்கும் அது தெரியும். சித்தப்பா கடிதம் போட்டானா என்று அவர் கேட்டால், கடிதம் ஒன்று வந்தது, கீழே யார் பெயரும் இல்லை என்று சொல். அதைச் சொல்லும்போது உன் குரல் மாறக்கூடாது. அதற்காகவே கையெழுத்துப் போடாமல் அனுப்புகிறேன்.